ஐந்து நாள் மாத்திரையில் ஆறாத எலும்புச் சீழ்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம். என் கணவருக்கு வயது 41. காய்கறிச் சந்தைக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். பதினான்கு மாதங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் இடது காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. உள்ளே ராடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். தையல் பிரித்து, கோல் ஊன்றி நடக்கத் தொடங்கினார். நான்காம் மாதம் உடைந்த இடத்தில் பரு போல எழும்பி, உடைந்து சீழ் வடிந்தது. மாத்திரை சாப்பிட்டதும் காய்ந்துவிட்டது. ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடியும் வந்தது. இப்படி நான்கு முறை ஆகிவிட்டது. இப்போது காய்ச்சல் இல்லை, வீக்கமும் இல்லை. சீழ் மட்டும் கசிகிறது. ஒரு டாக்டர் ஆறு வாரம் ஊசி போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் ராடை எடுத்து எலும்பைச் சுரண்ட வேண்டும் என்கிறார். ராடை எடுத்துவிட்டால் கால் நிற்குமா? மாமனார் நாட்டுக் கட்டுப் போடலாம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கடைசியில் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். முதல் ஆபரேஷனில் ஏதாவது தப்பு நடந்திருக்குமா? அவருக்குச் சர்க்கரையும் உண்டு; போன வாரம் பார்த்தபோது 230. பீடி குடிப்பார். சீழ் பிடிக்கும் என்று முட்டை, மீன், கத்திரிக்காய் எல்லாம் நிறுத்திவிட்டோம். இன்னொன்று: எட்டு வயது மகன் சில இரவுகளில் கால் வலிக்கிறது என்று அழுகிறான். அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. மருந்துச் சீட்டுகளின் நகல்களும் எக்ஸ்ரே படமும் இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைவிட அதோடு இணைத்திருந்த மருந்துச் சீட்டுகளைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மாதத்தில் நான்கு சீட்டுகள், நான்கு வெவ்வேறு ஆன்டிபயாடிக் மருந்துகள்; ஒவ்வொன்றும் ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள். எலும்பிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதித்ததாக எதிலும் இல்லை. இருக்கும் ஒரே கல்ச்சர் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையும் வெளியே வடிந்த சீழைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்தது. ஆகவே முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன்: ஐந்தாவது சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். இனி ஒரு மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் எந்தக் கிருமியை அடிக்கப்போகிறோம் என்று தெரிந்தாக வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டால் காய்வதும், நிறுத்தினால் வடிவதும் ஏன்? எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தபோது அதை மூடியிருந்த சவ்வும் சதையும் பிய்ந்து போயிருக்கும். உடைந்த எலும்புக்கு ரத்தம் கொண்டுவருவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ரத்தம் போகாத எலும்புத் துண்டு செத்துவிடுகிறது. மாத்திரையோ ஊசியோ எதுவானாலும் ரத்தத்தின் வழியாகத்தான் பயணம் செய்கிறது. ரத்தம் எட்டாத துண்டுக்கு மருந்தும் எட்டாது. மருந்து சுற்றியுள்ள சதையில் இருக்கும் கிருமிகளைக் கொல்கிறது, வீக்கம் வடிகிறது, தோல் மூடுகிறது, செத்த எலும்புக்குள் இருப்பவை அப்படியே இருக்கின்றன. விரலில் சிலாம்பு ஏறினால் அதைப் பிடுங்கி எடுக்கும்வரை என்ன களிம்பு தடவினாலும் சீழ் நிற்காது அல்லவா, அதே கணக்குதான். இப்படி உள்ளே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு வெளியே வாய் திறந்து மூடும் புண்ணைத்தான் நம் பெரியவர்கள் புரையோடிய புண் என்றார்கள்.

ராடின் கதை இன்னும் சிக்கலானது. உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் கிருமிகள் தங்களைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் குடியிருக்கும். படலத்துக்குள் போன கிருமி ஏறத்தாழ உறங்கும் நிலைக்குப் போய்விடுகிறது. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் அடிக்கும், உறங்குவதைத் தொடாது. ஆய்வகத் தட்டில் அந்தக் கிருமியைக் கொல்லப் போதுமான அளவைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து கொடுத்தாலும் படலத்துக்குள் அது பிழைத்துக்கொள்வதுண்டு. அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது.

இதனால்தான் உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகளில் இரண்டாவதன் பக்கம் நான் நிற்கிறேன். ஆறு வாரம் ஊசி என்று சொன்னவர் கால அளவைச் சரியாகத்தான் சொன்னார், வரிசையைத்தான் மாற்றிவிட்டார். செத்த எலும்பும் கிருமி படிந்த உலோகமும் வெளியே வர வேண்டும். அதற்குப் பிறகு ஆறு வாரம் மருந்து. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்தால், ஆறு வாரமும் உலர்ந்திருக்கும், அதற்குப் பிறகு பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். கையில் இருக்கும் பணம் மட்டும் கரைந்திருக்கும்.

அதே சமயம் ஊசிதான் உசத்தி, மாத்திரை மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். எலும்பு நோய்த்தொற்று என்றாலே ஆறு வாரம் நரம்பு வழி ஊசி என்பது பல பத்தாண்டுகளாக நாங்கள் எல்லோரும் ஓதிவந்த பாடம். பிரிட்டனில் 26 மருத்துவமனைகளில், எலும்பிலும் மூட்டிலும் நோய்த்தொற்று வந்த 1,054 பேரை இரு பிரிவாக்கி, முதல் ஆறு வாரத்துக்கு ஒரு பிரிவுக்கு ஊசியும் மற்றதற்கு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சிகிச்சை தோற்றது ஊசிப் பிரிவில் 14.6 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 13.2 சதவீதம். அதாவது மாத்திரை எந்த விதத்திலும் குறைந்து போகவில்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. எந்த மாத்திரை என்பதைக் கிருமியைப் பார்த்து, நோய்த்தொற்று வல்லுநர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கும் ஐந்து நாள் மாத்திரைக்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. உங்களுக்கு இதில் பயன் என்னவென்றால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரமும் அவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்க வேண்டியிராது. தொடக்கத்தில் சில நாள் ஊசி, பிறகு பொருத்தமான மாத்திரையோடு வீடு என்று கேட்டுப் பாருங்கள். கிருமி அதற்கு இடம் கொடுத்தால் தாராளமாகச் செய்யலாம்.

இனி கிருமியைக் கண்டுபிடிக்கும் விஷயம். பஞ்சுக் குச்சி அறிக்கையில் இரண்டு கிருமிகளின் பெயர் இருக்கிறது. தோலின் மேல், புண்ணின் வாயில் குடியிருப்பவை அந்தக் குச்சியில் ஒட்டிக்கொள்வது சகஜம். எலும்புக்குள் இருப்பது அதுதானா என்பது வேறு கேள்வி. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி குச்சியில் வந்தால் ஓரளவு நம்பலாம், மற்றவற்றை நம்பி மருந்து எழுதுவது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான். சரியான முறை, அறுவை அரங்கில் எலும்பிலிருந்தும் ராடைச் சுற்றியும் ஐந்து வெவ்வேறு இடங்களில், ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கருவி கொண்டு மாதிரி எடுப்பது. இரண்டு மூன்று மாதிரிகளில் ஒரே கிருமி வளர்ந்தால் அதுதான் குற்றவாளி என்று துணிந்து சொல்லலாம். மாதிரி எடுப்பதற்கு முன் இரண்டு வாரமாவது ஆன்டிபயாடிக் உள்ளே போகாமல் இருந்தால்தான் கிருமி ஆய்வகத்தில் வளரும். காய்ச்சலும் வீக்கமும் இல்லாத உங்கள் கணவரைப் போன்றவருக்கு இந்த இடைவெளியால் தீங்கு வராது. அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இடையில் குளிர் காய்ச்சல் வந்தாலோ, கால் சிவந்து வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.

மாதிரிகளில் ஒரு பகுதி திசுப் பரிசோதனைக்கும், ஒரு பகுதி காசநோய்ப் பரிசோதனைக்கும் போக வேண்டும். நம் ஊரில் எலும்பில் ஆறாத புண் என்றால் காசநோயை மறக்கக் கூடாது. உங்கள் மூன்றாவது சீட்டில் லிவோஃப்ளாக்ஸசின் இருக்கிறது. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அதனால் நோய் பாதி மறைந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். உங்கள் கணவருக்குக் காசநோய் என்று நான் சொல்லவில்லை, விபத்தில் தொடங்கிய கதையில் அதற்கான வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் எலும்பைத் திறக்கும்போது பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் எலும்புக் காசநோய்க்குப் பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது, மாதக் கணக்கில் மாத்திரைதான் மருந்து, அதுவும் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. இன்னொன்றையும் ஆய்வகத்துக்குச் சொல்லி வையுங்கள்: அவருக்குச் சர்க்கரை உண்டு, சந்தை மண்ணிலும் மழைச் சேற்றிலும் புழங்குபவர். அப்படிப்பட்டவர்களுக்கு மண்ணிலிருந்து வரும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்று எலும்பிலும் தசையிலும் சீழ்க்கட்டியை உண்டாக்கும். சொல்லாவிட்டால் ஆய்வகத்தில் வேறு ஏதோ கிருமி என்று தள்ளிவிட வாய்ப்பிருக்கிறது.

சீட்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் சீட்டில் உள்ள செஃபிக்சிம், எலும்பில் அதிகமாகக் காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியிடம் வலுவில்லாதது. அந்தத் தடவை புண் காய்ந்ததற்கு, சீழ் உடைத்துக்கொண்டு வெளியேறியதே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும். மூன்றாவது சீட்டில் லிவோஃப்ளாக்ஸசினும் கால்சியம் மாத்திரையும் இரண்டுமே காலை உணவுக்குப் பின் என்று அருகருகே எழுதியிருக்கிறது. கால்சியம் அந்த மருந்தை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏற விடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும்; கால்சியத்தை இரவுக்கு மாற்றுவது சுலபம். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்தும், இரும்புச் சத்து மாத்திரையும் இதே தொல்லையைச் செய்யும். எலும்பு முறிந்தவர்களுக்குக் கால்சியம் எழுதுவது எங்கள் கை போன போக்கில் நடப்பது. பக்கத்தில் என்ன மருந்து எழுதுகிறோம் என்று பார்க்கத்தான் மறந்துபோகிறது. இனி நீண்ட நாள் மருந்து தொடங்கினால், அது லினசோலிட் ஆக இருந்தால் வாரம் ஒரு முறை ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு வாரம் தாண்டினால் பார்வை மங்குகிறதா, கால் விரல்கள் மரத்துப்போகின்றனவா என்று கவனிக்க வேண்டும். ரிஃபாம்பிசின் கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பதற வேண்டாம். ஆனால் அதைத் தனியாக ஒருபோதும் கொடுக்கக் கூடாது, கிருமி சில நாளிலேயே அதற்குப் பழகிவிடும்.

ராடை எடுத்தால் கால் நிற்குமா என்பதற்கு வருகிறேன். இதற்குப் பதில் ஒரே ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது: உடைந்த எலும்பு கூடிவிட்டதா? நீங்கள் கைபேசியில் எடுத்து அனுப்பிய எக்ஸ்ரே படத்தில், முறிவின் வெளிப்புறத்திலும் பின்புறத்திலும் புது எலும்பு பாலம் போட்டிருப்பது போல் தெரிகிறது. உள்புறத்தில் சுற்றியுள்ள எலும்பைவிட வெளுப்பாக ஒரு துண்டு இருக்கிறது. செத்த எலும்பு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். கைபேசிப் படத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் கூடியிருக்கிறதா, செத்த துண்டு எங்கே, எவ்வளவு நீளம் என்று ஐயமில்லாமல் தெரிந்துவிடும். உலோகம் உள்ளே இருக்கும்போது எம்.ஆர்.ஐ. படம் சிதறும் என்பதால் இங்கே சி.டி.தான் எனக்குப் பிடித்தது.

கூடியிருந்தால் உங்களுக்கு நல்ல காலம். ராடின் வேலை முடிந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, எலும்பின் உள் குழலைக் கருவியால் கடைந்து, லிட்டர் கணக்கில் உப்புநீரால் கழுவி, செத்த துண்டை எடுத்துவிடலாம். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்கு எங்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. உயிருள்ள எலும்பைச் செதுக்கினால் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்க்கும். செத்த எலும்பு வெளுப்பாகவே இருக்கும். ரத்தம் துளிர்க்கும்வரை செதுக்க வேண்டும். கை கூசி முன்னாலேயே நிறுத்தினால் இன்னொரு முறை உள்ளே போக வேண்டிவரும். எடுத்த இடத்தில் குழி விழுமே என்றால், அதில் ஆன்டிபயாடிக் கலந்த மணிகளை நிரப்புவோம். ரத்தத்தில் ஏற்ற முடியாத அளவு மருந்து அந்த இடத்தில் மட்டும் சில வாரம் கசிந்துகொண்டிருக்கும். கணைக்காலின் முன்பக்கம் எலும்புக்கு மேல் தோலைத் தவிர வேறு போர்வை இல்லை என்பதால், தேவைப்பட்டால் கெண்டைக்கால் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து மூடுவார்கள். அதற்கு பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரும் இருக்கும் மருத்துவமனையாகப் பாருங்கள். எலும்பு மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன், நோய்த்தொற்று மருத்துவர் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இந்த நோயில் பாதி அலைச்சல் மிச்சம்.

கூடாமல் இருந்தால் வேலை பெரிது. ஆனாலும் வழி இருக்கிறது. வலேரி புருமெல் என்ற சோவியத் வீரர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர். அதற்கு முந்தைய ஆண்டு 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தவர். 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய வலது கணைக்கால் நொறுங்கியது. உங்கள் கணவருக்கு நடந்தது போலவே எலும்பில் சீழ் வைத்தது, எலும்பு கூடவில்லை. மாஸ்கோவில் பெரிய பெரிய மருத்துவர்கள் எல்லாம் அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. மூன்று ஆண்டு அலைந்த பிறகு சைபீரியாவில் குர்கன் என்ற ஊரில் இருந்த கவ்ரீல் இலிசாரோவ் என்பவரிடம் போனார். தலைநகரத்து மருத்துவ உலகம் அதுவரை அவரை அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. எலும்புக்குள் எந்த உலோகத்தையும் விட்டு வைக்காமல், காலைச் சுற்றி உலோக வளையங்களைப் பூட்டி, மெல்லிய கம்பிகளால் எலும்பை வெளியிலிருந்து பிடித்து நிறுத்துவது இலிசாரோவின் முறை. புருமெல் எழுந்து நடந்தார். பிறகு இரண்டு மீட்டருக்கும் மேலே மறுபடி தாண்டினார். இலிசாரோவின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது அந்தக் காலால்தான்.

இன்று நம் மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே அந்த வளையம் போடுகிறார்கள். செத்த எலும்பை எடுத்த இடைவெளி பெரிதாக இருந்தால், நல்ல எலும்பை வேறோர் இடத்தில் மெல்ல வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்த்துவார்கள். நகர்ந்த வழியெல்லாம் புது எலும்பு முளைக்கும். அந்த ஒரு மில்லிமீட்டரை நான்காகப் பிரித்து, காலை முதல் இரவு வரை நான்கு முறை திருகைத் திருப்புவது வீட்டில் உங்கள் கையால் நடக்க வேண்டிய வேலை. கம்பி நுழையும் இடங்களைத் தினமும் துடைக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் எலும்புக்கு ஒன்று முதல் இரண்டு மாதம் வளையம் காலில் இருக்கும். நான்கு சென்டிமீட்டர் இடைவெளி என்றால் கிட்டத்தட்ட அரை ஆண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வளையத்தோடு நடக்கலாம், நடக்கவும் வேண்டும். லோடு வண்டி ஓட்ட முடியாது. வருமானத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பணமில்லாமல் வளையத்தைக் கழற்றச் சொல்லி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

செலவு என்றதும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை நினைவுக்கு வருகிறது. அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய், அந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை திட்டத்தில் வருமா, வளையமும் அதில் அடங்குமா என்று காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம்: உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பாதத்தில் உணர்ச்சி இல்லை, விரல்கள் அசையவில்லை என்று நீங்கள் எழுதவில்லை; ஊன்றி நடக்கிறார். காலை எடுப்பது சில பேருக்குச் சரியான சிகிச்சைதான், அதை மறைக்க விரும்பவில்லை. ரத்தக் குழாயும் நரம்பும் போய்விட்ட பாதம், உயிரையே அச்சுறுத்தும் தொற்று, ஆண்டுக் கணக்கில் சிகிச்சை செய்தும் பயன்படாத கால், இப்படிப்பட்ட நிலைகளில் நல்ல செயற்கைக் காலோடு வேலைக்குத் திரும்புவது மேல் என்று நோயாளியே முடிவெடுப்பதுண்டு. இருபது முப்பது ஆண்டாகச் சீழ் வடிந்து அதற்குப் பழகிப்போனவர்களுக்கு அந்தப் புண்ணிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடும் என்பதும் உண்மை. அப்படி யாராவது இதைப் படித்தால், புண்ணின் ஓரம் தடித்து வளர்கிறது, நாற்றமோ ரத்தக் கசிவோ புதிதாக வருகிறது என்றால் உடனே சதைத் துணுக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பதினான்கு மாதப் புண்ணுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

முதல் அறுவை சிகிச்சையில் தப்பு நடந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த நொடியிலேயே கிருமி உள்ளே போக வழி திறந்துவிட்டது. கடுமையான திறந்த முறிவுகளில், எவ்வளவு கவனமாகச் செய்தாலும், பத்தில் ஒருவரிலிருந்து பாதிப் பேர் வரை தொற்று வருவதாக எங்கள் பாடநூல்களே சொல்கின்றன. அந்த எண்ணைக் குறைப்பவை, விபத்து நடந்து ஒரு மணி நேரத்துக்குள் போடும் ஆன்டிபயாடிக் ஊசி, முதல் அறுவையில் செத்த சதையைத் தயங்காமல் நீக்குவது, காயத்தைச் சீக்கிரம் நல்ல சதையால் மூடுவது. இவற்றில் எது விட்டுப்போனது என்று இங்கிருந்து என்னால் சொல்ல இயலாது. டிஸ்சார்ஜ் சீட்டையும் அறுவைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். குற்றம் கண்டுபிடிக்க அல்ல, அடுத்த மருத்துவருக்கு ராடின் அளவும் நிறுவனமும் தெரிந்தால்தான் அதைக் கழற்றும் கருவி சரியாக அமையும்.

உங்கள் மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: சீழ் வடியும் காலில் இறுக்கிக் கட்டுவது எந்த வைத்திய முறையிலும் சரியில்லை. வெளியே வர வழியில்லாத சீழ் எலும்பின் நெடுக மேலும் கீழும் ஓடும். தினமும் சுத்தமான நீரில் கழுவி, உலர்ந்த துணியால் தளர்வாக மூடினால் போதும். பொடி, எண்ணெய், மஞ்சள் எதுவும் துளைக்குள் போக வேண்டாம்.

முட்டையை நிறுத்தியதற்கு மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மீது அல்ல, தலைமுறை தலைமுறையாக இதைச் சொல்லி வருகிறவர்கள் மீது. முட்டையும் மீனும் கத்திரிக்காயும் சீழை உண்டாக்குவதில்லை. புண் ஆறவும் எலும்பு முளைக்கவும் புரதம் வேண்டும். அதை நிறுத்திவிட்டு ரசச் சோறும் பிரெட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் சர்க்கரைதான் ஏறும். நாளைக்கு இரண்டு முட்டை, மீன் அல்லது கோழி, பயறு, சுண்டல், தயிர் என்று கொடுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டியது பீடியை. நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மேலே நான் எழுதியதெல்லாம் ரத்தம் போகிறதா என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தானே இருக்கிறது. சர்க்கரை 230 என்பது ஒரு நாளின் எண். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. பரிசோதனை செய்து, தேவையானால் அறுவையை ஒட்டிய வாரங்களுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இன்சுலின் தொடங்கினால் விடவே முடியாது என்று அவர் அடம்பிடிப்பார். புண் ஆறிய பிறகு மாத்திரைக்குத் திரும்பியவர்கள் ஏராளம் என்று சொல்லுங்கள்.

சிகிச்சை தொடங்கிய பின் புண் காய்ந்ததை மட்டும் பார்த்து ஆறிவிட்டது என்று எண்ண வேண்டாம். உடலில் உள்ள அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு வாராவாரம் இறங்கிக்கொண்டே வர வேண்டும், அதே வகையைச் சேர்ந்த ஈ.எஸ்.ஆர். மெதுவாக இறங்கும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மருந்து முடிந்து ஓராண்டு வரையிலாவது குறித்த நாளில் காட்டிக்கொள்ளுங்கள். இந்த நோய் பல ஆண்டு கழித்துக்கூடத் திரும்பும் பழக்கமுள்ளது. இடையில் எப்போதாவது புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, மணிக்கு மணி பரவும் சிவப்பு, தோல் கறுத்தல், கொப்புளம், மயக்கம் வந்தால் அது சதையை அரிக்கும் தொற்றாக இருக்கலாம். அப்போது விடியட்டும் என்று இருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் 108ஐ அழையுங்கள்.

கடைசியாக உங்கள் மகன். எலும்பில் வந்த இந்தச் சீழ் ஒரே வீட்டில் புழங்குவதால் ஒட்டாது. கட்டுத் துணியைத் தனியாக அப்புறப்படுத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இரவில் இரண்டு காலும் வலிக்கிறது என்று அழுது, தேய்த்துவிட்டால் தூங்கிப்போய், காலையில் ஓடி விளையாடுகிறான் என்றால் அது அந்த வயதில் பல பிள்ளைகளுக்கு வரும் வலிதான். ஆனால் பிள்ளைகளின் எலும்பிலும் மூட்டிலும் அடிபடாமலேயே, ரத்தத்தின் வழியாகக் கிருமி வந்து தங்குவதுண்டு என்பதால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காலில், ஒரே இடத்தில் வலி, காய்ச்சல், கால் ஊன்ற மறுப்பது, இடுப்பையோ முழங்காலையோ அசைக்க விடாமல் அலறுவது. இவை சேர்ந்து வந்தால் அன்றைக்கே எலும்பு மருத்துவர் பார்க்க வேண்டும். மூட்டுக்குள் சீழ் இருந்தால் சில நாளிலேயே குருத்தெலும்பு கரைந்துவிடும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எலும்பில் தொற்று வந்து பத்துப் பதினான்கு நாள் ஆன பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். ரத்தப் பரிசோதனையும் இடுப்பு மூட்டுக்கு அல்ட்ராசவுண்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மகனுக்குக் காய்ச்சல் இருப்பதாகவோ நொண்டுவதாகவோ நீங்கள் எழுதவில்லை. இன்றிரவு அழுதால் எந்தக் கால், எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்கள்; ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தைக் காட்டினால் அவனையும் ஒரு முறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.